ஒரு கட்டை மேலே

அக்டோபர் 4, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாலை 4, புக்கிட் மேரா சமூக மன்றத்தில் கச்சேரி. கேட்க வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் மூன்று பேர் டிரம்ஸ் அஸ்லமின் வீட்டார். இரண்டு பேர் ஏர்கான் குளிருக்காக ஒதுங்கியவர்கள்.

ஷாமினிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அரங்கம் நிறைந்த மாதிரிதான் பாடினாள். ஏர்கான் அங்கிள் ஒருவர் நாலாவது பாட்டில் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். பார்த்தேன்.

மார்ச்சில் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. பகல் முழுக்கப் பாசிர் ரிஸ் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு கத்தல், வார இறுதியில் எங்களோடு பாட்டு. குரல்நாணில் முடிச்சு. பாடலாம், ஆனால் மேல் சுரங்கள் திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆறு மணி நேரம் தாங்க மாட்டேன்.

அவளுக்காக எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கியிருக்கிறோம். பாஸ் கிட்டார் ரவின் பன்னிரண்டு பாட்டையும் உட்கார்ந்து புதிதாகப் பழகினான். நான் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினேன். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இறங்கி வரும்.

ரவின்: "பட்டன நம்பாத லா சேகர். ஒழுங்கா பழகு."

"வேல நடக்குதுல்ல?" என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

தெம்பனிஸ் ஆபீஸில் மீட்டிங் இழுத்து, ஒத்திகைக்கு அரை மணி தாமதம். வாங்க வேண்டியவை: பிளாஸ்டிக் விரிப்பு, ஒட்டும் டேப், ஷா.வுக்கு இஞ்சி மிட்டாய்.

சனிக்கிழமை தேக்காவில் திறந்தவெளி மேடை. தீபாவளிக் கூட்டம். மைக்கைச் சுற்றி வைத்துக்கொண்டே ஷா. சொன்னாள்:

"சனிக்கிழம கொரல் தாங்குச்சுன்னா தொடர்ந்து பாடுறேன். இல்லன்னா போதும். எனக்காக நீங்க எவ்ளோ நாள்தான் எறக்கிக்கிட்டே இருப்பீங்க?"

அஸ்லம்: "டிராமா வேணாம் லா!"

எல்லாரும் சிரித்தோம். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் 11, சனி

எழுதவே கை வரவில்லை.

ஐந்து பாட்டு பிரமாதம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் தூறல். மேடைக்காரர்கள், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி மூடுங்க!" மூடினோம். கால் மணியில் மழை விட்டது. துடைத்து, ஆன் செய்து, நேராக எங்கள் சொந்தப் பாட்டு, 'லிஃப்ட் நிக்காத மாடி'.

கீபோர்டை அணைத்துப் போட்டால் பட்டனில் இறக்கி வைத்தது அழிந்துவிடும். எட்டு வருடமாகத் தெரிந்த விஷயம். இன்றைக்கு மறந்தேன்.

முதல் சரணம் நானும் அவளும் மட்டும். பழைய சுருதியில் ஆரம்பித்துவிட்டேன். ஷா. கீபோர்டில் என்ன வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுபவள். ஒரு கட்டை மேலே இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தபோது அவள் பாதி வரியில் இருந்தாள்.

'மாடி' என்ற இடம் மூன்று முறை உச்சத்துக்குப் போகும். முதல் முறை கம்பி மாதிரிப் போனது. இரண்டாவது முறை உடைந்தது. எல்லாருக்கும் கேட்டது. மூன்றாவது முறை அவள் மேலே போகவே இல்லை. அடிக்குரலுக்கு இறங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலப் பாடினாள். அஸ்லம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான். ரவினின் பாஸ் உள்ளே வந்தபோது ஒரே ஒரு சுரம் தப்பு, அடுத்ததில் எங்களோடு சேர்ந்துவிட்டான். என்ன காது அவனுக்கு! பை நிறைய வாழை இலையோடு ஓர் அக்கா, பச்சை விளக்கு விழுந்தும் ரோட்டைக் கடக்காமல் நின்றார்.

இவர்களோடு ஒரே மேடையில் நிற்க எனக்கு என்ன தகுதி?

இறங்கியதும் ஷா. சொன்னது ஒன்றுதான்: "கீழ வெச்சுமே எட்டல." கணவரின் காரில் ஏறிப் போய்விட்டாள். அப்போதே ஓடிச் சொல்லியிருக்கலாம். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், கோழை.

ரவின்: "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

அக்டோபர் 12, ஞாயிறு

துணி துவைத்தேன். மீன் வாங்கினேன். 11.40க்கு வாட்ஸ்அப் குழுவில் ஷா.: "நவம்பர் ஷோவுக்கு வேற ஆள் பாத்துக்குங்க. கோவம் எல்லாம் இல்ல. சந்தோஷமா பாடிட்டேன், போதும்."

நாலு முறை தட்டினேன், நாலு முறை அழித்தேன். இதைக் கைப்பேசியில் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம். உண்மை: பயம்.

அக்டோபர் 14, செவ்வாய்

அரை நாள் லீவு. பாசிர் ரிஸ். பள்ளி விட்டு வந்தவளை எதிர்க் காப்பிக்கடையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். பட்டன், தூறல், எல்லாம்.

தே ஓ பெங் டீயில் ஐஸ் கரையக் கரையக் கலக்கினாள். பிறகு:

"மொத தடவ மேல போனேன்ல. அது?"

"பழைய சுருதி."

"ஆப்பரேஷனுக்கு முன்னாடி பாடுனேனே, அதுவா?"

"அதேதான். ஒரு இம்மிகூட கொறயல."

முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மேசை துடைக்கும் அங்கிள் என்னை முறைத்துவிட்டுப் போனார். கையை எடுத்தபோது அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"மூணு நாளாடா? கொரல் போச்சுன்னு மூணு நாளா அழுதுக்கிட்டு இருக்கேன். நீ தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா?"

எழுந்து பஸ் ஏறிவிட்டாள்.

7.50க்குக் குழுவில் ஷா.: "நவம்பர்ல நான்தான் பாடுறேன். சுருதி எறங்கியே இருக்கட்டும், எனக்கு அவசரம் இல்ல. சேகர் பட்டன் இல்லாம வாசிக்கணும். பன்னெண்டும்."

ரவின் ஒரு கட்டைவிரல். அஸ்லம் மூன்று.

கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முதல் பாட்டு, இரண்டாவது வரியிலேயே விரல் தடுக்கியது. மறுபடி.