புது அடுப்பும் அப்பாவின் மூக்கும்

கப்பாச்சோ
மே 14

என் கண்ணு மரீசாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மருமகன் எய்ரிக்கும் தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையிலும் மாலையிலும் என் வேண்டுதல். ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாது. வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பா இருந்த இருப்பை நீயே பார்த்தாய். நீ போன பிறகு அது இன்னும் மோசமானது. அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோனது போனதுதான். பால் திரைந்து இழுபடும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று தொட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தே சொல்கிற மனுஷன், காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எதைப் போட்டாலும், “நனைஞ்ச அட்டையத் திங்கிற மாதிரி இருக்கு எர்சிலியா, என்னைக் கட்டாயப்படுத்தாத” என்று தட்டைத் தள்ளிவிடுவார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. நம் மொசரெல்லா சீஸ் பட்டறைப் பக்கமே போவதில்லை. உன் அனியெல்லோ சித்தப்பாவைக் கூப்பிட்டு, “எம் பங்கையும் நீயே எடுத்துக்கடா, மூக்கில்லாதவனுக்குப் பட்டறைல என்ன வேலை” என்று சொல்லிவிட்டார், இந்த மாதக் கடைசியில் கையெழுத்து என்று பேச்சு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குள் ஒரே பயம், ராத்திரியில் தூக்கமில்லை.

இந்த லட்சணத்தில்தான் நீங்கள் அனுப்பிய விறகு பீட்சா அடுப்பு லாரியில் வந்து இறங்கியது. கோபித்துக்கொள்ளாதே, முதலில் உன்னைத் திட்டினேன். நம் ஊரில் எவளாவது வீட்டில் பீட்சா சுடுகிறாளா, தெருவுக்கு ஒரு பீட்சா கடை எதற்கு இருக்கிறது! நாலு ஆள் சேர்ந்து அதைத் தூக்கிக் கொல்லையில் சீமைப்பனிச்சை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு நுன்சியாதா மதில்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னக்கா, கொல்லைல மாதா கெபி கட்டிட்டீங்களா? மெழுகுவத்தி எடுத்தாரட்டுமா?” என்றாள். தீயைக் கண்டால் அப்பா எழுந்து வருவார் என்று நீ நினைத்தாய், பாவம். ஜன்னல் வழியாக ஒருதரம் பார்த்தார், “நல்லா இருக்கு” என்றார், திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! நீங்கள் வராவிட்டால் போங்கள், நானே கற்றுக்கொள்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

புது அடுப்பில் எடுத்த எடுப்பில் பெருந்தீ போட்டால் அதன் குவிந்த கூரை விரிசல் விட்டுவிடுமாம், அதனால் சில நாள் கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி சுள்ளித் தீயாகப் போட்டுப் பழக்கினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை ஓக் கட்டைகளை அடுக்கிப் பெரிய தீ. மரீசா, அதை எப்படிச் சொல்வேன்! முதலில் உள்கூரை முழுக்கக் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று ஆனது, சரி, கெடுத்துத் தொலைத்தேன் என்று நினைத்தேன். தீ ஏற ஏற, உச்சியில் ஒரு இடத்தில் அந்தக் கருப்பு தானாகவே அழிந்து வெள்ளை தெரிந்தது. அது பரவிப் பரவி, யாரும் கை வைக்காமலே கூரை முழுக்கச் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்துவிட்டது. இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றவள் நான், கரியைத் தீயே தின்னும் என்று எனக்குத் தெரியாது. சிலுவை போட்டுக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் பீட்சா? முதல் பீட்சா உள்ளே தள்ளுகிற மரத்துடுப்பை விட்டு நகர மாட்டேன் என்றது, ஒரு உலுக்கு உலுக்கினேன், தக்காளியோடு மடங்கி நெருப்பில் போய் விழுந்தது. துடுப்பில் ரவை தூவக் கற்றேன். அடுத்தது இதைவிடக் கேவலம். நாம் யார், மொசரெல்லா பட்டறைக்காரர்கள் ஆயிற்றே, காலையில் இழுத்த மொசரெல்லாவைப் பால் சொட்டச் சொட்டப் பிய்த்து மேலே போட்டேன். நடுவில் குளம் கட்டிவிட்டது. நுன்சியாதா பார்த்துவிட்டு, “இத முள்கரண்டில சாப்பிடணுமா, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சணுமா?” என்று கேட்டாளே, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நம் வீட்டில் முந்தின நாள் மொசரெல்லாவை விருந்தாளி தட்டில் வைத்தால் அது அவமானம், ஆனால் பீட்சாவுக்கு அதுதான் வேண்டும், அதையும் வடிகட்டியில் போட்டு நீரை இறக்க வேண்டும். உன் அப்பாவுக்குத் தெரியாமல் துணி போட்டு மூடி மூடி வடியவிட்டேன், சாராயம் காய்ச்சுகிறவள் மாதிரி.

அப்புறம் ஒரு நாள் அது வந்தது. மாவு உருண்டையைக் கையாலேயே தட்டி விரித்து உள்ளே தள்ளினேன், கல்லில் பட்டதும் ஓரம் உயிர் வந்தது போல ஒரு பெருமூச்சு விட்டு எழும்பியது. நாலு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பிசைந்த மாவா இது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நேரே அப்பாவிடம் கொண்டுபோனேன். ஒரு வாய் கடித்தார். “சூடா இருக்கு” என்றார். அவ்வளவுதான். கொல்லைக்கு வந்து அடுப்புக்குப் பின்னால் நின்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மறுபடி தீ மூட்டினேன், விட்டுவிட மனசு வரவில்லை. ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு நிற்கிறேன், நுன்சியாதா என் வடிகட்டியைப் பார்த்துவிட்டாள். “ஐயையோ, ராய்மோந்தோ அண்ணன் வீட்ல நேத்து மொசரெல்லாவா! ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்?” என்று உன் அப்பா பேரை இழுத்து ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் மாமியார் செய்த சாஸ் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன், காற்று வேறு புகையை வீட்டுப் பக்கம் தள்ளியிருக்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம், அப்பா காலில் வெறும் சாக்ஸோடு ஓடி வருகிறார். “ஏய் எர்சிலியா! கருகுது, கருகுது! உம் மூக்க எங்கடி அடகு வெச்ச?”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நுன்சியாதா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் துடுப்பை விட்டுக் கரிக்கட்டையாக இருந்ததை வெளியே எடுத்தேன். அப்பா அதை வெறுங்கையால் வாங்கினார், சுட்டதுகூடத் தெரியவில்லை, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். மறுபடியும் மோந்தார். “எர்சிலியா, கருகல்” என்றார். “ஆமாங்க, கருகல்தாங்க” என்றேன் நான்.

உடனே எல்லாம் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. காப்பி வாசனை இன்னும் வரவில்லை, பால் வாசனை வரவில்லை. நரம்பு விழிக்கிறது, காரமான வாசனைகள்தான் முதலில் வரும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அனியெல்லோவிடம், “கையெழுத்து கிடக்கட்டும்டா, மாசக் கடைசி எங்கயும் ஓடிடாது” என்றார், உன் சித்தப்பா சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். இப்போது தினம் சாயங்காலம் தீ போடுகிறோம். எனக்கும் உருப்படியாக ஒன்று, அவருக்கு வேண்டுமென்றே கருக்கி ஒன்று. நேற்று அடுப்பு ஆறிய பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குனிந்து என் உச்சந்தலையில் மூக்கை வைத்தார். “புகை வாசன வருது, அதுக்கு அடியில நீ வர்ற” என்றார். எனக்கு அறுபத்து மூன்று வயது மரீசா, கல்யாணப் பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்கும் மருமகனுக்கும் எங்கள் இருவர் ஆசியும் முத்தமும், மாதா உங்களைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே, உன் பிறந்தநாளன்று அப்பாவே ஃபோனில் மூக்கு திரும்புகிற சேதியைச் சொல்லப்போகிறார், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறார், நான் கேட்டேன். உனக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் அழாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா எர்சிலியா