பிரிட்ஜும், ராணியைத் தொட்ட தகராறும்

மார்ச் 4, செவ்வாய்

பிரிட்ஜ் செத்துவிட்டதாம். மெக்கானிக் சொல்கிறார், நான் நம்பவில்லை. உள்ளே விளக்கு எரிகிறது. பின்பக்கம் ஒரு 'டிக்', கொஞ்சம் உறுமல், மறுபடி 'டிக்', அப்புறம் கப்சிப். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே கூத்து. "கம்ப்ரசர் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று கிளம்பிவிட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை, மகராசன்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிய கை இது. போன கம்ப்ரசர் உறுமுமா? அது கிளம்பத்தான் பார்க்கிறது, ஆரம்பத்தில் ஒரு தள்ளு கொடுக்க வேண்டிய ரிலேதான் படுத்துவிட்டது. நானே மாற்றிவிடுவேன் என்றேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கரண்ட்ல கை வைக்கிற வேலையெல்லாம் உனக்கு எதுக்கும்மா?"

சுருக்கென்றது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

மார்ச் 5, புதன்

பால், தயிர் போனால் போகட்டும். மாமாவின் இன்சுலின்? இந்த வெயிலில் வெளியே வைக்க மனசு வரவில்லை. டப்பாவை எடுத்துப்போய் எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டர் பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் பூகம்பம்.

மாமாவும் போஸ்ட்மாஸ்டரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. செஸ் ஆட்டத்தில் போஸ்ட்மாஸ்டர் ராணியைத் தொட்டுவிட்டு யானையை நகர்த்தினாராம். "தொட்டா நகர்த்தணும். அந்த ஏமாத்துக்காரன் வீட்டுப் படியை நான் மிதிக்கணுமா?"

மிதித்துத்தான் ஆக வேண்டும். ஆறு மணிக்கே நான் வேலைக்குப் போய்விடுவேன். எட்டு மணி ஊசிக்கு யார் போவார்கள்? இவர் வெளியூரில். போனில் கேட்டால் சிரிக்கிறார்!

மார்ச் 6, வியாழன்

மாமா போனாராம். ரெண்டே நிமிஷத்தில் திரும்பினாராம். சாயங்காலம் வரை முகம் உர்ர்.

மார்ச் 7, வெள்ளி

பிளக்கைப் பிடுங்கி, பிரிட்ஜை இழுத்து, பின்மூடியைக் கழற்றினேன். எத்தனை வருஷத்துத் தூசி! எந்த ஒயர் எந்த முனையில் என்று இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே வரைந்து வைத்திருக்கிறேன். ரிலேயை உருவிக் காதருகே ஆட்டினேன். கலகல. உள்ளே வில்லை கருகி உடைந்திருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா?

அதே நம்பர் ரிலே திங்கட்கிழமைதான் வருமாம். கடைக்காரர், "மெக்கானிக் யாரும்மா?" என்றார். "நான்தான்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

இன்று எனக்கு லீவு. மாமா ஊசிக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டால், "அந்தாளுக்கு டப்பாவை எங்க வச்சோம்னே தெரியல. தேடினோம்" என்கிறார். முக்கால் மணி நேரமா? ஒரு பிரிட்ஜுக்குள்ளா?

மார்ச் 10, திங்கள்

மாட்டியாச்சு! பிளக்கைச் சொருகியதும் ஒரே ஒரு 'டிக்', அப்புறம் 'ம்ம்ம்' என்று ஓட ஆரம்பித்தது. நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். குளிர்ந்ததும் டப்பாவை வாங்கி வந்து வைத்தேன்.

"இனிமே நீங்க அங்க போக வேண்டாம் மாமா."

"ம்" என்றார். அவ்வளவுதான். ஒரு 'பரவாயில்லையே' சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

மார்ச் 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் பிரிட்ஜ் நிற்கிறது. ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணி. ஐயோ, என்ன தப்பு பண்ணேன்? ஒயரை மாத்திட்டேனா? அழுகையே வந்துவிட்டது. மறுபடி இழுத்து, கழற்றி, வரைந்ததோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரி. உள்ளே விளக்கு? அதுவும் எரியவில்லை.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் அணைத்திருக்கிறது.

மாமாவைக் காணோம். மருந்து டப்பாவையும் காணோம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மாமாவின் குரல் மட்டும்: "செக்!"

வந்ததும், "பிரிட்ஜ் நின்னுடுச்சும்மா, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எனக்கு வந்த கோபம்! சுவிட்ச் கதை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மனுஷர் முகத்தில் நாலு வருஷமாய் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். இதைச் சொன்னால் நாளைக்கு எந்தச் சாக்கில் போவார்?

"ஆமா மாமா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். மருந்து அங்கயே இருக்கட்டும்."

அவர் குளிக்கப் போனதும் சுவிட்சைப் போட்டேன். என் வேலைக்குக் கெட்ட பெயர். போகட்டும். இல்லை, வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் போஸ்ட்மாஸ்டர் வாசலில் நின்றார். நாலு வருஷத்தில் முதல் தடவை. கையில் மருந்து டப்பா, அக்குளில் செஸ் பலகை. அவர் வீட்டுப் பிரிட்ஜும் ராத்திரியிலிருந்து டிக் டிக் என்கிறதாம். "நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?"

நான் வாயைத் திறக்கும் முன் மாமா, "மெக்கானிக் எதுக்குய்யா? எங்க மருமக இருக்கா. எங்க பிரிட்ஜைப் பாரு, அவ ரிலே மாத்தின நாள்லேர்ந்து ஒரு தடவை நின்னிருக்குமா?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துவந்து, என் கையில் கொடுத்தார்.