கண்ணுக்குத் தெரியாதவனை அடிக்கும் விதி

இன்று காலை பஸ்ஸில் நல்ல தலையிடி. கைப்பைக்குள் பனடோல் தேடிய விரலில் இருபது முகத் தாயக்கட்டை தட்டுப்பட்டது. பச்சை நிறம், ஒரு முனை உடைந்தது. உன்னுடையது. எப்போது என் பைக்குள் வந்ததென்று தெரியவில்லை. திருப்பித் தரவும் வழியில்லை. வேலை செய்யும் கந்தோருக்குப் போய்ச் சேரும்வரை அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஞாயிறு பின்னேரங்களில் தன்னாமுனையில், உன் வீட்டு மாமரத்துக்குக் கீழே நாம் நால்வர். நீ, உன் தம்பி, அவன் மனைவி, நான். ஆளுக்கொரு வேடம், என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும், நடக்குமா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும்; எண் கூடினால் நடக்கும். கதையையும் எதிரிகளையும் நடத்துவது நீ. நாற்பதை நெருங்கும் வயதில் பூதங்களோடு சண்டை பிடிக்கிறோமே என்று வெட்கப்பட்டவள் நான் மட்டும்தான். நீ படலையைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடுவாய். யாராவது எட்டிப் பார்த்தால், "வாங்க, ஒரு ஆள் குறையுது" என்பாய்.

விதிகளையெல்லாம் நீ ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தாய். கண்ணுக்குத் தெரியாத எதிரியை அடிப்பது பற்றி மட்டும் நாலு பக்கம். அவனை அடிப்பதென்றால் இரண்டு தரம் உருட்டி, குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மணம் பிடிக்கிறவர்களுக்கு அவன் பக்கத்தில் இருப்பது தெரியும், இடம் தெரியாது. வௌவாலின் புலன் உள்ளவர்களிடம், குறித்த தூரத்துக்குள் அவனுடைய மறைவு செல்லாது. என்னுடைய வேடமான குள்ளச்சி இரண்டுக்கும் நடுவில். நிலத்தின் அதிர்வை உள்ளங்காலால் உணர்கிறவள். எதிரி நிற்கும் இடம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்; ஆனாலும் அது கண்டதாகாது, இரண்டு தரம் உருட்டத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

அதை நான் ஒத்துக்கொள்ளவேயில்லை. இடம் தெரிந்தவளுக்கு எதற்கு இரண்டு உருட்டல்? ஒருநாள் வாதம் முற்றிப்போய், நீ என் கண்ணைச் சால்வையால் கட்டி, கையில் விளக்குமாற்றைத் தந்து, உன் தம்பியைச் சருகுக்கு மேல் நடக்கவிட்டாய். சத்தம் கேட்ட இடத்தில் ஓங்கி ஒன்று போட்டேன். அவன் குனிந்துவிட்டான். அடி, உடுப்பு ஊறிக்கிடந்த வாளிக்கு விழுந்தது.

"அவன் எங்க நிக்கான் எண்டு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி."

"குனிஞ்சது?"

"அது எப்பிடிக் கா தெரியும்?"

"அதத்தான் நானும் சொல்லுறன். இடம் தெரியிறது வேற, ஆளப் பாக்கிறது வேற."

தம்பியின் மனைவி கவிழ்ந்த உடுப்புகளைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். விதியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. இரண்டு வருடமாக வளர்த்த என் குள்ளச்சிக்கு முன்னால் ஒரு சூனியக்காரன் மறைந்து நின்றான். முதல் உருட்டலில் பதினெட்டு. இரண்டாவதில் மூன்று. நீ மூன்றை எடுத்தாய். அடுத்த சுற்றில் அவள் செத்தாள். "என்னத் தோக்கடிக்கிறதுதான் உனக்கு வேல!" என்று கத்திவிட்டு, ஊற்றிவைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பினேன். நீ படலை வரை வந்தாய்.

"வாற கிழம வருவாய்தானே கா?"

நான் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு விளையாட்டுக்காக! எழுதவே கூசுகிறது.

வீம்பு மாதக்கணக்கில் நீண்டது. நீ இடைக்கிடை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாய். இரண்டு வசனங்களுக்கு நடுவில் உனக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. சிறுநீரகத்தில் ஏதோ என்று உன் தம்பி சொன்னான். பிறகு குரல் நின்று எழுத்து மட்டும் வந்தது. என்ன நோய், எந்த நாளில் கிளினிக், எல்லாம் எனக்குத் தெரியும். என் கந்தோரிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. "எப்பிடி இரிக்கிற?" என்று கேட்பேன். "நல்லா இரிக்கன்" என்று எழுதுவாய். அதோடு விட்டுவிடுவேன். உன் கால் வீங்கியதும், தம்பியின் தோளைப் பிடித்து நடந்ததும், நேரில் வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. நான் வந்தபோது உன்னை வீட்டு மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? சரி, அதை நேரில் வந்து கேட்டிருக்க வேண்டியவள் நான். நீ எழுதிய விதியில் பிழை இல்லை, கா. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

ஞாயிறுகளில் இப்போதும் ஆடுகிறோம். நடத்துவது நான். உன் அளவுக்கு வராது. எதிரிகள் எல்லோரும் என் மேலதிகாரி மாதிரியே பேசுகிறார்களாம், உன் தம்பி கேலி பண்ணுகிறான். புதிதாக ஒருத்தி களுதாவளையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறாள். போன மாதம் இரண்டு கிழமை அவளைக் காணவில்லை. காய்ச்சல், இப்போது சுகம் என்று செய்தி போட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

"என்னக்கா, இவ்வளவு தூரம்?" என்று படலையில் திகைத்து நின்றாள்.

"சும்மாதான் மனே" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உள்ளே நடந்து போய், கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்வரை, அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.