துண்டு யார் தோளில்

மார்ச் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்க தம்பி மகன் எழுதுவது. அண்ணன் எப்படி இருக்கார்? அடிபட்டதும் வந்து பாக்கணும்னுதான் இருந்தேன், பயிற்சி விடல. குத்துச்சண்டை இறுதிப்போட்டிக்கு வந்துட்டேன். புது அணியில எல்லாரும் சம்பளத்துக்கு வந்தவங்க. நான் அடி வாங்குறப்ப போனைப் பாக்குறாங்க. இடது கண்ணு மங்கல்னு அவங்களுக்குத் தெரியாது. நம்ம கூட்டம் இடப்பக்கம் நின்னு "வருதுடா, குனி!"ன்னு கத்துமே, அதுதான் எனக்குக் கண்ணு. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.

உங்க குட்டையன்

மார்ச் 11

மகனே குட்டையா,

நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அண்ணி. எனக்கு எழுத்துத்தான் வராது, ஞாபகம் வரும். அண்ணன் நலம். ஊட்டினால் விழுங்குகிறான். காலையெல்லாம் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறான். இப்போதைக்கு அவனுக்கு அந்த ஒரு போட்டிதான்.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தோம். வாளி தூக்கும் குண்டன், "கூப்பிட்டுட்டானா! வழி மறந்துபோச்சோன்னு நெனச்சேன்" என்று சிரித்தான்.

வருகிறோம். தாங்க முடியாதபோது ஆட்டத்தை நிறுத்த வீசும் துண்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா?

பெரியப்பா

மார்ச் 15

பெரியப்பா,

மன்னிச்சிட்டீங்க. அழுதுட்டேன். முன்வரிசைச் சீட்டு அனுப்பியிருக்கேன். துண்டு உங்க தோள்லதான், வேற யாரும் வீசக்கூடாதுன்னு மேனேஜர்கிட்ட கண்டிச்சுச் சொல்லிட்டேன். எதிராளிக்கு இரும்புக் கை. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?

குட்டையன்

மார்ச் 21

மகனே,

சீட்டு கிடைத்தது. எல்லாரும் வருகிறோம். நீ சொன்ன இடப்பக்கம்தான் உட்காருவோம். கத்துவதற்கில்லை. தொண்டை சரியில்லை, எல்லாருக்கும்.

அடிபட்ட அன்று உன் அண்ணன் கயிற்றில் சாய்ந்து, வாயில் ரத்தம் ஒழுக, தன் மூலையில் நின்ற உன்னைப் பார்த்தான். துண்டு உன் தோளில் கிடந்தது, நீலக் கரை போட்டது. நீ முதுகைக் காட்டி நின்று, இன்றைக்கு உனக்கு மேனேஜராக இருக்கிறவனோடு பேசிக்கொண்டிருந்தாய். "வீசுடா!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினேன். நீ திரும்பாமலே கையைக் காட்டினாய். "இருங்க பெரியப்பா" என்றாய். அதற்குள் அவன் இன்னும் நாலு வாங்கிவிட்டான்.

அதே துண்டைத்தான் கொண்டுவருகிறேன். அண்ணி துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். கண் இருட்டும்போது என் தோளைப் பார். நானும் "இருப்பா" என்று கையைக் காட்டுவேன்.

பெரியப்பா

கீழே உள்ளது மாமா சொல்லாதது, நானாக எழுதுவது: உங்க அண்ணனையும் கூட்டிட்டு வரேன். நல்லா தெரியற இடமாப் பாத்து உக்கார வைக்கிறேன். பொத்தான் நானே போட்டுவிடுறேன்.

அண்ணி