இருபத்தாறு அங்குல நூல்

பாசிர் பெனம்பாங்
3.6.2024

விஷாலினி அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று மகள் சொன்னாள். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். ஒருவிதத்தில் நல்லதுதான். தபால்தலை வாங்கிவரும் நேரத்தில் பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது.

டிசம்பரில் அவளுக்கு அரங்கேற்றமாம். வாடகை ஒட்டியாணம் வேண்டாம், அப்பா செய்ததுதான் வேண்டும் என்கிறாள். நீயும் நானும் பிரிந்த இந்த ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள்.

தகடு தேடி நாலு கடை ஏறினேன். கோல சிலாங்கூர் ஹார்ட்வேர் கடை முதலாளித் தவுக்கே, "இது ஒரிஜினல் பித்தளைலா, பாஸ்" என்று சத்தியம் செய்தார். சட்டைப் பையிலிருந்த காந்தத்தைக் காட்டினேன். ஒரிஜினல் பித்தளை ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கே ஆச்சரியம். கடைசியில் கோலாலம்பூரில் அரை மில்லி தகடு கிடைத்தது. அங்கேயே ஈயம் கலந்தது மலிவாக இருந்தது. அது கடைசல் வேலைக்கு ஆகும், வளைத்தால் விரிசல் விடும். வேண்டாம் என்றேன்.

இடுப்பளவு அனுப்பு. டேப் வேண்டாம், ஆளாளுக்கு ஒரு மாதிரி படிப்பார்கள். நூலால் எடு. சேலைக்கு மேல், சாப்பிட்ட பிறகு. பித்தளை துணியில்லை, பிரித்துத் தைக்க முடியாது.

அன்புடன்,
சிவானந்தம்


ராவாங்
15.6.2024

விஷாலினி அப்பாவுக்கு,

நூல் உள்ளே இருக்கிறது. சிவப்பு நூல், இரு முனையிலும் முடிச்சு. இருபத்தாறு அங்குலம். நாலு தோசை தின்ற பிறகு எடுத்தது. கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தாள். மூன்று தரம் அளக்க வேண்டியதாயிற்று.

நல்ல தகடாகப் பார்த்து வாங்கியதில் சந்தோஷம். வீடு வாங்கலாம் என்று நான் கேட்ட வருஷம் நீங்கள் பித்தளையில் ஒரு வீடு செய்து மேஜைமேல் வைத்தீர்கள். ஜன்னல்கூடத் திறந்தது. எங்களால்தான் உள்ளே போக முடியவில்லை. ஒட்டியாணமாவது ஆள் அளவுக்கு இருக்கட்டும்.

போன் இப்படியே இருக்கட்டும். எழுத்தில் நீங்கள் கொஞ்சம் நல்லவராகத் தெரிகிறீர்கள்.

தனேஸ்வரி


பாசிர் பெனம்பாங்
20.7.2024

விஷாலினி அம்மாவுக்கு,

கடையிலிருந்து வரும்போது தகடு விறைப்பாக இருக்கும். மங்கிய சிவப்பு வரும்வரை சூடு காட்டி ஆறவிட்டால் இளகும். தட்டத் தட்ட மறுபடி விறைக்கும், மறுபடி சூடு காட்ட வேண்டும். பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டே போனால் கிழிந்துவிடும். நம்மைப் பற்றி எழுதுவதாக நினைக்காதே. தகட்டைப் பற்றித்தான்.

நடுவில் தாமரை, இரு பக்கமும் நான்கு நான்கு மயில். எட்டும் எழும்பிவிட்டன. படகு இன்ஜின் ரிப்பேர் நேரம் போக மீதியெல்லாம் இதற்குத்தான்; நண்டு தின்ன வருகிறவர்கள் வாங்கும் குட்டிப் படகு மாடல்களை இந்த மாதம் நான் தொடவேயில்லை.

மகள் போனில் நன்றாகத்தான் பேசுகிறாள். வீடியோ மட்டும் போட மாட்டேன் என்கிறாள். முகத்தில் பருவாம். அப்பா முகத்தில் ஐம்பது வருஷமாக இந்த மூக்கு இருக்கிறது, அவர் ஒளித்தா வைத்தார் என்று கேள்.

அன்புடன்,
சிவானந்தம்


ராவாங்
12.8.2024

விஷாலினி அப்பாவுக்கு,

இன்னொரு நூல் வைத்திருக்கிறேன். இருபத்து நாலு. இதற்கே செய்யுங்கள். அவளுக்கு இப்போது அவ்வளவாகப் பசி இல்லை.

மயில்களைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

தனேஸ்வரி


பாசிர் பெனம்பாங்
19.8.2024

விஷாலினி அம்மாவுக்கு,

முனைக்கு ஓர் அங்குலம் எடுத்தால் கடைசி மயில்களின் தலை போகும். தலையில்லாத மயிலில் முருகனே ஏற மாட்டார். ஆகவே இன்னும் ரம்பத்தைத் தொடவில்லை. முதலில் அளந்தது சரியா, இப்போது அளந்தது சரியா என்று அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள்.

சிவானந்தம்


ராவாங்
9.9.2024

விஷாலினி அப்பாவுக்கு,

மூன்றாவது நூல். இருபத்தொன்று. தயவுசெய்து எதுவும் கேட்காமல் இந்த அளவுக்கு வெட்டுங்கள். சீக்கிரம் அனுப்புங்கள்.

தனேஸ்வரி


பாசிர் பெனம்பாங்
16.9.2024

விஷாலினி அம்மாவுக்கு,

மூன்று மாதத்தில் ஐந்து அங்குலம். இதற்கு ஒரே பெயர்தான் உண்டு, டயட். யூடியூபில் எவளோ வெந்நீரையும் வெள்ளரிக்காயையும் சாப்பாடு என்று சொல்லியிருப்பாள். என் பெயரைச் சொல்லி அவளுக்கு இரண்டு ரொட்டி சானாய் வாங்கிக் கொடு.

நான் வெட்டப் போவதில்லை. என் மகளின் இடுப்பு எனக்குத் தெரியும். இருபத்தாறுக்கே கொக்கி வைத்து இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். டிசம்பருக்குள் உடம்பு தகட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அன்புடன்,
சிவானந்தம்


ராவாங்
21.9.2024

விஷாலினி அப்பாவுக்கு,

இதைத் தம்பி யுவனேஸ்வரனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை காரில் காத்திருப்பான். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆகஸ்டில் பரவிவிட்டது என்றார்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பாக்குத் தெரிஞ்சா வேலைய போட்டுட்டு வந்து அழுதுகிட்டு உக்காந்துருவாரும்மா. அவரு தட்டிக்கிட்டே இருந்தாதான் எனக்கு டிசம்பர் வரும்னு தோணுது." அதனால் நூலை மட்டும் அனுப்பினேன். நூலைப் பார்த்தே உங்களுக்குப் புரியும் என்று நினைத்தது என் தப்பு.

பெட்டி நேற்று வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று போட்டுக்கொண்டாள். கால் வழியாக இறங்கிவிட்டது. எடுத்துத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு, "எப்படிம்மா, பஸ் கண்டக்டர் மாதிரி இல்ல?" என்றாள். "அப்பா பூசணிக்காய்க்கு அளவெடுத்துட்டாரு போலலா." வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாதம் செய்யாமல் வாருங்கள்.

தனேஸ்வரி


பாசிர் பெனம்பாங்
2.11.2024

விஷாலினி அம்மாவுக்கு,

பதினாறாம் நாள் சடங்கில் எனக்கு நாற்காலி போட்டாய். பக்கத்து நாற்காலியில் நீ உட்காரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் ரம்பத்தோடு வந்த அன்று ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. யுவனேஸ்வரன் கார் மேல் துண்டை விரித்து, தகட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு மயிலாக அறுத்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்தது. காவலாளி வந்து இங்கே என்ன வேலை என்று அதட்டினார். மகளுக்கு நகை, மேலே படுத்திருக்கிறாள் என்றேன். குடையை விரித்துத் தகட்டுக்குப் பிடித்தார். அவர் நனைந்தார்.

ஒட்டியாணம் இடுப்பில் நின்றது. உட்கார்ந்தபடியே கைமுத்திரை பிடித்துக் காட்டினாளே, என் கணக்கில் அதுதான் அரங்கேற்றம். அதன் பிறகு பதினோரு நாள்.

நூலால் எடு என்று சொன்னவன் நான். வந்த நூலை நம்பாதவனும் நான்தான். முதல் நூல் வந்தபோது இருந்த கண் மூன்றாவதற்கு இல்லாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எழுத்தே தெரியாத ஒருவனுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

அந்த இரண்டு மயிலும் என்னிடம் இருக்கின்றன. ஒட்டியாணத்தைக் கொடுத்தால் பற்றவைத்துப் பழையபடி இருபத்தாறாக்கித் தருகிறேன். நீ சரியென்றால் நான் ராவாங்குக்கே வந்துவிடுகிறேன். மேஜை போட ஒரு மூலை போதும்.

சிவானந்தம்


ராவாங்
12.11.2024

விஷாலினி அப்பாவுக்கு,

பற்றவைக்க வேண்டாம். வைத்தால் அது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த மகளுக்குப் பொருந்தும். இங்கே இருப்பது அவள் போட்டுக்கொண்டது. ஆறு மயில் என்னிடம், இரண்டு உங்களிடம். ஆறு வருஷமாக வக்கீல்கள் முடிக்காத பாகப்பிரிவினையை ஒரு ரம்பம் முடித்துவிட்டது.

கோபம் இல்லை. இருந்தால் சுலபம், கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். நாம் பேசிக்கொள்ள அவள் ஒருத்திதான் காரணமாக இருந்தாள். வர வேண்டாம். இந்த மாதக் கடைசியில் நான் ராசா ஊரிலுள்ள தம்பி வீட்டோடு போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதலில் அனுப்பிய சிவப்பு நூலைத் திருப்பி அனுப்புங்கள். மற்ற இரண்டும் வேண்டாம். அது நாலு தோசை தின்றுவிட்டு அவள் நெளிந்தபோது எடுத்தது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தனேஸ்வரி


பாசிர் பெனம்பாங்
18.11.2024

விஷாலினி அம்மாவுக்கு,

நூல் உள்ளே இருக்கிறது. முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. பாதியை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

வெட்டவில்லை.

சிவானந்தம்