மலையடியில் சோறு பார்க்க நான் வரமாட்டேன்

என் வீட்டு விறாந்தையில் ஒரு கிழமையாகச் சஹன் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்து உண்ணுகிற, கலியாண வீடுகளுக்கு எடுக்கிற அதே பெரிய தட்டுகள்தான். புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆனாலும் பழைய நெய் வாசம் போகவில்லை. காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. ஏறும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

இந்தத் தட்டுகளை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறாய்? மலை ஏறுவதற்கு. நம்முடைய மலைக்கு.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் மூத்தவன் இந்தத் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு, நாலைந்து ஆண்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். யுத்தம் முடிந்துவிட்டது, பாதை திறந்துவிட்டது, உம்மாவின் ஆசையை நிறைவேற்றப் போகிறோம் என்றான். எனக்குக் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு அவர்கள் திட்டம் போடத் தொடங்கினார்கள். முதல் கேள்வியே, "எத்தின சஹன்?" என்பதுதான். அடுத்தது ஆடு. அதற்கடுத்தது சமையற்காரர். மலையின் எந்தப் பக்கத்தால் ஏறுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும், யானை எந்த நேரத்தில் நடமாடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நீ திட்டம் போட்ட விதத்தை இவர்கள் பார்த்ததில்லை.

என் அவர் மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் நான் இத்தாவில் இருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். வந்தவர்கள் எல்லாரும் பொறுமையைப் பற்றியே சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் கதவைச் சாத்திவிட்டு என் பாயில் வந்து இருந்தாய். "இத்தா முடியட்டும் புள்ள, உன்ன எங்க கூட்டிட்டுப் போறன் தெரியுமா?" என்றாய். எனக்குத் தெரியும். கொன்வென்டின் மேல்மாடி வகுப்பில் நாம் இருவரும் ஜன்னலோரம் இருந்த நாளிலிருந்து தெரியும். மழை விட்ட காலைகளில் வயல்வெளிக்கு அப்பால், மேற்கே, முக்காடிட்ட தலைபோல அது நீலமாக நிற்கும். கடலுக்குப் போகிறவர்கள் அதை முக்காட்டுமலை என்பார்கள். கரைக்குத் திரும்ப அதைத்தான் குறி வைப்பார்கள். "ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது?" என்று சிஸ்டர் அதட்டினால் நீ எழுந்து நின்று, "மலை இருக்கு சிஸ்டர்" என்பாய். அதற்காக வாங்கிய அடிகளில் பாதி எனக்குரியது.

பிறகு நீ பூகோளம் படிப்பித்தாய். உன்னிடம் நல்ல வரைபடம் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் வரைபடம் வைத்திருந்தால் யார் பிடித்தாலும் ஆபத்து என்று அதை அடுப்பில் போட்டாய். சமாதானம் என்று சொன்ன அந்தச் சில வருடங்களில், எரித்த வரைபடத்தை நினைவிலிருந்து உன் சமையலறைத் தரையில் சோக்கால் கீறினாய். சிவப்புச் சீமெந்தில் வெள்ளைக் கோடு. ஆறு இங்கே, காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனை இங்கே, வழுக்குப் பாறை இங்கே. நான் குனிந்து பார்ப்பேன். யாராவது வாசலில் கூப்பிட்டால் ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவாய். அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து கீறுவாய். "வெயில் பாறையில ஏற முன்னம் நாம ஏறோணும்" என்பாய். சமையல் சாமான் ஏதும் கொண்டு போவோமா என்று ஒருமுறை கேட்டேன். "அடுப்பக் கொண்டு போனா அடுப்புக்குத்தான் காவல் இரிக்கோணும்" என்று சிரித்தாய்.

மாரி விட்டதும் போவது என்று முடிவாயிற்று. மாரி விடுவதற்குள் கடல் வந்துவிட்டது.

பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் என் வீடு தப்பியது. உன் வீட்டில் சுவர் என்று ஒன்று இருக்கவில்லை. சமையலறைத் தரை மட்டும் கிடந்தது, கழுவி விட்டதுபோல. அதில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். என்றாலும் குனிந்து தேடினேன்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்து முகாமில் உன் உறவுக்காரி ஒருத்தி சொன்னதை இதுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. "அவ மலை ஏறித் திரியப் பாத்தவ. பொம்புள இரிக்கிற இடத்தில இரிக்காட்டி அல்லாஹ் காட்டித்தான் தருவான்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களுக்கும் வீடு இல்லை. அவர்களுக்கும் அடக்குவதற்கு மையித்துகள் இருந்தன. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நீ எங்கே இருந்தாய்? ஞாயிற்றுக்கிழமைக் காலை, உன் வீட்டுக்குள், உன் அடுப்படியில். பெண் இருக்க வேண்டிய இடம் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அந்த இடத்தில்தான் கடல் உன்னைக் கண்டது. மலையில் இருந்திருந்தால் நீ இன்று எனக்கு எதிரே இருந்து, தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். ஆடு, அரிசி எல்லாம் தீர்ந்த பிறகு உன் மகன் என் பக்கம் திரும்பினான்.

"சாச்சி, நீங்க கீழ இரிங்க. நிழலில கதிரை போட்டுத் தாறன். சோறு இறக்கக்குள்ள ஒரு கண் பாத்தாப் போதும்."

உன் சம்பந்தி ஒத்தூதினார். "ஓம் டீச்சர். லுஹர் தொழுகைக்குப் பிந்தினா இறைச்சி ஆறிப் போகும். நாங்க கெதியா ஏறி கெதியா இறங்கிருவம்."

"எவ்வளவு தூரம் ஏறுவீங்க?" என்றேன்.

"ஏலுமான தூரம்தான். ஃபோட்டோவில மலை தெரிஞ்சாச் சரிதானே?"

"மலை தெரியிற ஃபோட்டோ வேணுமெண்டா என்ட மொட்டை மாடியில நிண்டு எடுங்க. அதுக்கு ஒரு ஆட்ட ஏன் அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க?"

திரைக்குப் பின்னால், புருஷனோடு வந்திருந்த உன் மருமகள் சிரித்த சத்தம் கேட்டது. சம்பந்தி மீசையைத் தடவினார்.

சமையல் கிடையாது என்று நான் சொன்னேன். ரொட்டி, பேரீச்சம்பழம், ஆளுக்குத் தேவையான தண்ணீர், அவ்வளவுதான். நானும் ஏறுவேன்.

"இது மலைக்குப் போறதா, நோன்பு துறக்கப் போறதா டீச்சர்?" என்றார் சம்பந்தி. எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான், நீயும் சிரித்திருப்பாய்.

"உங்களுக்கு முழங்கால் ஏலாதே சாச்சி" என்றான் உன் மகன்.

"ஏலாத இடத்தில இரிப்பன். அந்த இடம் மலையில இரிக்கும். உங்கட சட்டிக்குப் பக்கத்தில இல்ல."

"உம்மாக்காகத்தானே போறம். அதில என்னத்துக்கு இவ்வளவு கோபம்?"

"உங்கட உம்மா தனக்காக ஏறுங்க எண்டு ஒருத்தரையும் கேக்கல்ல மகன். அவ தான் ஏறப் பாத்தவ. நானும் எனக்காகத்தான் ஏறப் போறன்."

அதற்குப் பிறகு கூட்டத்தில் ருசி இருக்கவில்லை. சோறில்லாத மலை யாருக்கு வேண்டும்? ஒருவருக்குக் கடை நினைவு வந்தது, இன்னொருவருக்கு வயல் நினைவு வந்தது. தட்டுகளைத் திருப்பி எடுத்துப்போக மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. உன் சம்பந்தி கடைசியாக எழுந்து, வாசலில் நின்று, "டீச்சர்மாருக்கு எப்பவும் வகுப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் மகன் மட்டும் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அழுகிறானோ என்று நினைத்தேன்.

"எப்ப வெளிக்கிடுறது சாச்சி?"

"சுபஹு தொழுத கையோட மலையடியில நிக்கோணும்."

"நானும் வாறன்" என்று திரையை விலக்கிக்கொண்டு உன் மருமகள் வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாரி விட்டதும் மூன்று பேரும் போகிறோம். உச்சிவரை என் கால் வருமா என்று எனக்குத் தெரியாது. உன் பெயரைச் சொல்லி அங்கே அழுவேன் என்றும் எதிர்பார்க்காதே. அழுத காலம் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். அதை இறக்கி வைக்கச் சொல்லி எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். இறக்கினால் எனக்கு எழுந்து நடக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமையிலிருந்து நடக்கிறேன். விடிந்ததும் அபாயாவின் கீழே கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வயல் வீதியால் வாய்க்கால் மதகு வரை போய்வருகிறேன். தோளில், மலைக்குக் கொண்டுபோகப் போகிற அதே பாரத்தில் ஒரு பை. நேற்று எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி நின்றான். என்னிடம் படித்தவனாம், முகம் நினைவில்லை.

"பாரமா இரிக்கா டீச்சர்? தாங்க, நான் கொண்டந்து தாறன். உள்ளுக்க என்ன?"

"தண்ணிப் போத்தல்."

"ஆருக்குக் கொண்டு போறீங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல. திருப்பி வீட்ட கொண்டு போகத்தான்."

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். சொல்லட்டும். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.