படம் இப்போது சுவரில்

மாமி,

முதல் படகில் யாழ்ப்பாணம் போகிறேன். உங்கள் இடுப்பு ஸ்கான் முடிவை இன்று தருவார்கள். புட்டும் மீன் குழம்பும் மேசையில் இருக்கின்றன. உயரக் கதிரையில் இருந்தே சாப்பிடுங்கள். பத்து மணிக்குக் கிறேசம்மா அக்கா உங்களை நடக்கப் பழக்க வருவார். கதவுத் திறப்பு அவரிடம் இருக்கிறது.

நேற்று நான் கத்தியது பிழை. "செத்துப்போன என்ர பிள்ளைக்கு முன்னால முழங்காலில நிக்கிறதுக்கும் டொக்டரிட்டக் கேக்க வேணுமோ?" என்றீர்கள். ஓம், கேட்கத்தான் வேண்டும். விபத்தன்று கடல் சரியில்லை, படகு பிந்தித்தான் போனது. விலகிய இடுப்பு மூட்டை எட்டு மணித்தியாலம் கழித்துத்தான் திருப்பிப் போட்டார்கள். அவ்வளவு பிந்தினால் எலும்புக்கு இரத்தம் போகாமல் அது கெட்டுப்போகலாம், இரண்டு வருடம் வரை எதுவும் சொல்ல ஏலாது என்கிறார் டொக்டர். இப்போது குனிந்து எழும்பினால் மூட்டு மறுபடியும் விலகக்கூடும்.

அதனால் டிலக்சனாவின் படத்தை ஸ்டூலில் இருந்து எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். உங்கள் கண் உயரத்துக்கு அளந்துதான் ஆணி அடித்தேன். எங்கள் கலியாணப் படத்தில் இருந்து பெருப்பித்தது. ஓரத்தில் என் தோள் இன்னும் தெரிகிறது. இன்றுதான் கவனித்தேன்.

நின்றே செபியுங்கள். மெழுகுதிரி அலுமாரியின் மேல்தட்டில்.

யசிந்தன்

பி.கு.: ஆட்டோவை ஓட்டியது நான். நீங்களும் அவளும் பின்னால் இருந்தீர்கள். மூன்று மாதமாக அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பின்னேரப் படகில் வந்துவிடுவேன். கேளுங்கள், திட்டுங்கள். முழங்காலில் மட்டும் நிற்க வேண்டாம்.